ஸ்டெப்னிக் கீலில் தெரிந்த கோடு

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘ரிஜெக்ட்.’ தம்பி வைத்தது. சாம்பாரில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று நான் சொன்னாலும் சரி, புதுச் சட்டையில் தையல் கோணலாகப் போயிருக்கிறது என்று சொன்னாலும் சரி, “ரிஜெக்ட் வந்துட்சுடா” என்பான். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

என் வேலை அப்படி. எர்ணாவூர் பக்கம் இரும்புத் தொட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெல்டிங்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வெல்டின் மேல் சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவிடுவோம். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிப்போம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எங்காவது இருந்தால், அதற்குள் போய் ஒளிந்துகொண்ட சாயம் மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடாக எழும். கோடு எழுந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். வெல்டர்கள் முதுகுக்குப் பின்னால் திட்டுவது காதில் விழும். பழகிவிட்டது.

வீட்டுக்காரர் திருவொற்றியூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு தடவை அவர் கடைந்து வெல்டு வைத்துக் கொடுத்த உருப்படி ஒன்று எங்கள் தொழிற்சாலைக்கு வந்தது. அதில் வட்டம் போட்டதும் நான்தான். அன்றைக்கு அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அதன் பிறகு நான் பட்டறைக்குள் போய் எதையாவது குனிந்து பார்த்தால் போதும், “போதும் பாத்தது, வூட்டுக்கு கெளம்பு” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

கதை தம்பியின் ஜீப்பில் ஆரம்பிக்கிறது. அவன் கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். வாரம் முழுவதும் பெட்டி தூக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு பழவேற்காடு பக்கம் மணலில் ஓட்டி, அது புதைந்து, அதைத் தள்ளி, அதையும் ஒரு சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவான். மணலுக்காகப் பெரிய டயர்களாக மாட்டினான். அதே அளவில் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியையும் வாங்கிப் பின்னால் மாட்டியதில் பின்கதவு திறக்காமல் போனது. கதவைத் திறக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஸ்டெப்னியைக் கழற்றி இறக்க வேண்டும். அதைத் தூக்கவே ஆள் வேண்டும்.

“மாமா, கேட்டு மாரி தெறக்கணும். பம்பர் மூலையில ஒரு கீலு, அதுல ஒரு கை, கை மேல ஸ்டெப்னி. இஸ்தா வரணும், தள்ளுனா மூடணும்” என்று என் வீட்டுக்காரரிடம் படம் போட்டே காட்டினான். பம்பரில் தடித்த தண்டு ஒன்றை நட்டு வெல்டு வைக்க வேண்டும். அதன் மேல் ஒரு குழாய் உட்கார்ந்து சுழல வேண்டும். மொத்தக் கனமும் அந்த ஒரு தண்டின் காலில்தான் நிற்கும். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கலாமே என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

தண்டுக்கு இரும்பு எங்கிருந்து? தம்பி காயலான் கடையில் தேடிப் பிடித்து ஒரு துருப்பிடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“ஹார்பர் சரக்கு மாமா. ஏதோ கிரேன்ல இருந்து கயட்டுனது. இத்த ஒடைக்க எவனாலயும் ஆவாது.”

எங்கள் பக்கம் ஹார்பர் சரக்கு என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. கடையில் வாங்கிய புதுக் கம்பி என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். துறைமுகத்தில் உழைத்துவிட்டு வந்த துண்டு என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். அது என்ன இரும்பு, எதற்குச் செய்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கெட்டியான இரும்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி கெட்டி இரும்புக்குச் சாதாரண வெல்டிங் ஆகாது. முன்கூட்டியே சூடாக்கி, வெல்டு வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விட்டுவிடும். இதை நான் சொன்னேன்.

“ஆரம்பிச்சுட்சுடா ரிஜெக்டு” என்றான் தம்பி.

வீட்டுக்காரர் துண்டை லேத்தில் மாட்டினார். அவர் வேலையை நான் குறை சொல்ல முடியாது. துரு உரிந்து, உள்ளிருந்து பளபளவென்று வந்தது இரும்பு. சீவல் நீலச் சுருளாகக் கழன்று விழுந்தது. குழாய் சுழல்வதற்கான பேரிங் உட்காரும் இடத்தில் கொஞ்சம் கடைவார், நிறுத்துவார், அளப்பார், மறுபடி கொஞ்சம். கடைசியில் பேரிங்கைக் கையாலேயே அழுத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கி நின்றது. குழாயை மேலே போட்டு ஒரு விரலால் தள்ளினார், சத்தமில்லாமல் சுற்றியது. எனக்கே பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

மிச்சம் வெல்டிங் மட்டும்தான். அது ஆயுத பூஜை அன்று காலை வரை தள்ளிப்போய்விட்டது. பூஜை போட்டுவிட்டால் அன்றைக்கு அப்புறம் மெஷினைத் தொடக் கூடாது. தம்பிக்கோ ஜீப் கீலோடும் ஸ்டெப்னியோடும் பூஜையில் நிற்க வேண்டும். ராகு காலத்துக்கு முன்னால் படைத்துவிட வேண்டும் என்று வேறு பரபரத்துக்கொண்டிருந்தான். நான் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைகிறேன், ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். ஒரே ஆவி. செக்கச்செவேலென்று இருந்த வெல்டின் மேல் தம்பி வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டேன்.

“இன்னாய்யா பண்றீங்க? நெருப்பா கீற வெல்டு மேல எவனாவது தண்ணி ஊத்துவானா?”

“டைம் ஆய்ட்சுக்கா. ஆறுனாத்தானே பேரிங்கு மாட்ட முடியும்?” என்றான் தம்பி.

“வெடிக்கும்டா. உள்ளாற வெடிச்சிருக்கும். அறுத்துட்டு மறுபடி வையி.”

வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஃபேக்டரில வட்டம் போட்டது பத்தலியாமே? நல்ல நாளும் அதுவுமா இங்கயும் சாக்பீஸோட வந்துட்டியா?”

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பொரி வாங்க வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. இனி ஒரு வார்த்தை பேசினால் நான் நானில்லை என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டு விலகிப்போனேன்.

கடல் காற்றில் வெறும் இரும்பு ராத்திரிக்குள் துருப்பிடித்துவிடும் என்று வீட்டுக்காரர் வெல்டைச் சுற்றி எண்ணெயைத் தாராளமாகத் தடவினார். பிறகு பேரிங், கிரீஸ், குழாய், கை, ஸ்டெப்னி எல்லாம் ஏறின. பூஜைக்குப் பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. எண்ணெய்ப் பிசுக்கில் விபூதி ஒட்டாதே என்று, கையில் அகப்பட்ட பனியன் வேஸ்ட் துணியால் வெல்டை அழுத்தித் துடைத்தேன். விபூதியைத் தண்ணீரில் குழைத்துக் கெட்டியாக மூன்று விரலால் பட்டை போட்டேன். நடுவில் குங்குமம். இருந்த கோபத்தில் பட்டை கொஞ்சம் தடிப்பாகவே விழுந்தது. பூசணிக்காய் உடைத்தோம். பட்டறையைச் சாத்தினோம்.

மறுநாள் காலையில் மாமனும் மச்சானும் ஜீப்பை எண்ணூர் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். போனில் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம், மாலை போட்ட ஸ்டெப்னி, பட்டை போட்ட கீல். ஓரத்தில் என் வீட்டுக்காரர் பைக் மேல் உட்கார்ந்திருக்கிறார். கீழே தம்பியின் எழுத்து: ‘கீலு ஆடுதானு மாமா பின்னாடியே வந்து பாக்குறாரு. பாஸா ரிஜெக்டா?’

இவனுக்குப் பதில் போடக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். தோசையைத் திருப்பிப் போட்டேன். திரும்பவும் போனை எடுத்தேன். விபூதி ராத்திரி முழுக்கக் காய்ந்து வெள்ளைவெளேரென்று இருந்தது. அந்த வெள்ளையில், கீழ்ப்பட்டையில், மயிரிழை போல ஒரு கறுப்பு.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நூலாக இருக்கலாம். மாலையிலிருந்து விழுந்த நாராக இருக்கலாம். கிரீஸ் வழிந்திருக்கலாம். போன் செய்து, அது வெறும் கிரீஸ் என்று ஆகிவிட்டால்? ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மனிதருடைய வேலையை நான் மறுபடியும் குறை சொன்னதாக ஆகும். அப்புறம் அவர் அந்தச் சிரிப்பைக்கூடச் சிரிக்க மாட்டார். நின்றுகொண்டே இருந்தேன். தோசை கருகுகிற வாசனை வந்தது.

இன்னும் பெரிதாக்கினேன். வழிந்த கிரீஸ் நேராகக் கீழே இறங்கும். இது இறங்கவில்லை. வெல்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்டைச் சுற்றி வளைந்து போயிருந்தது. எண்ணெய் தடவியது அவர். துடைத்தது நான். வெள்ளைப் பொடி போட்டதும் நான். தொழிற்சாலையில் தினமும் செய்கிற சோதனையை எங்களுக்கே தெரியாமல் செய்து வைத்திருக்கிறோம். ராத்திரி முழுக்க எண்ணெய் கசிந்து பதில் எழுதியிருக்கிறது. ஸ்டெப்னி அந்த வெடித்த காலில் தொங்குகிறது. அதற்கு நேர் பின்னால், கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு, பைக்கில் போகிறார் என் வீட்டுக்காரர்.

அவருக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். எத்தனையோ தடவை நான்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். தம்பிக்குப் போட்டேன். கூரையில்லாத ஜீப், லாரி இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது? அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன்.

எண்ணூர் சாலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம் நின்றுகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு எல்லா லாரியும் முகப்பில் வாழைக்கன்றும் மாலையுமாகக் கல்யாண வீடு மாதிரி நின்றன. சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் எனக்கு ஸ்டெப்னி குலுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் ஒவ்வொரு பள்ளத்தையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்காவது கூட்டம் கூடியிருக்கிறதா, வண்டிகள் ஒதுங்கிப் போகின்றனவா என்றுதான் கண் தேடியது. தூரத்தில் ஒரு இடத்தில் நாலு பேர் குனிந்து நின்றார்கள். ஸ்கூட்டரை முறுக்கினேன். கிட்டே போனால், பஞ்சரான மூன்று சக்கர மீன்பாடி வண்டி.

எர்ணாவூர் தாண்டி லாரி வரிசை நெருக்கமானது. அங்கேதான் ஜீப்பைப் பார்த்தேன். மாலை போட்ட ஸ்டெப்னி முதலில் தெரிந்தது, அப்புறம் அவருடைய முதுகு. ஊர்ந்து ஊர்ந்து போகிற வரிசையில் அவர் ஜீப்பின் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு போனார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சொந்தக் குழந்தை நடை பழகுவதைப் பார்ப்பது போல அந்தக் கீலைப் பார்த்துக்கொண்டு போனார். நான் ஹாரனை அழுத்தினேன். அந்தச் சாலையில் யார்தான் ஹாரன் அடிக்கவில்லை? “யோவ்! யோவ்!” என்று கத்தினேன். வரிசை சட்டென்று நகர்ந்தது. ஜீப் வேகம் எடுத்தது, அவரும் எடுத்தார். முன்னால் சாலையின் குறுக்கே ஒரு மேடு வருவது எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் யோசிக்கவில்லை. லாரிக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் புகுந்து, அவர் பைக்கின் முன்சக்கரத்துக்குக் குறுக்கே ஸ்கூட்டரை விட்டேன். அவர் பிரேக்கைப் பிடித்த பிடியில் பைக் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. என் ஸ்கூட்டர் சாய்ந்தது. முழங்கை தரையில் தேய்ந்தது.

“கண்ணு தெர்ல? இன்னா வண்டி ஓட்ற...” என்று கெட்ட வார்த்தையை ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். “இன்னாமே, சாவறதுக்கா வந்த?”

“சாவப் போனது நீய்யா!”

ஜீப் அந்த மேட்டில் ஏறி இறங்கியது. ஸ்டெப்னி ஒரு குலுக்கு குலுங்கி நின்றது. விழவில்லை. பின்னால் பைக் இல்லாததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தம்பி ஓரம் கட்டினான். நாங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். விஷயத்தைச் சொன்னதும் தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

“அக்கா, அது கிரீஸு. இதுக்கா இந்தக் கோலத்துல ஓடியாந்த? பாரு, எவ்ளோ சோக்கா சுத்துதுன்னு தெறந்து காட்றேன்.”

தாழ்ப்பாளில் கை வைத்தான். “தொடாத மச்சான்” என்றார் வீட்டுக்காரர். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே கீலின் முன்னால் மண்டியிட்டிருந்தார். அந்தக் கோட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தார். விபூதியைத் தட்டிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். எழுந்து, கால்களைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்டெப்னியின் தலையில் இரண்டு கையையும் வைத்து ஒரே ஒரு அழுத்து அழுத்தினார்.

‘டக்’. அவ்வளவுதான் சத்தம். பாக்கு உடைக்கிற சத்தம். கீல் காலோடு முறிந்து, தாழ்ப்பாளையும் பிடுங்கிக்கொண்டு ஸ்டெப்னி தரையில் விழுந்து, ஒரு தடவை எம்பி, கையோடு கிடந்தது. தம்பியின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

முறிந்த முகத்தை மூன்று பேரும் பார்த்தோம். முக்கால்வாசிக்கு மேல் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அதெல்லாம் முதல் நாள் தண்ணீர் ஊற்றியபோதே விட்டுப்போனது. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் புதுசாக மின்னியது. அந்த நகக்கண்தான் அவ்வளவு தூரம் ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

அவர் முதுகில் அடித்தேன். தோளில் அடித்தேன். “சொன்னேன்ல, சொன்னேன்ல” என்று அழுதேன். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. அவர் முறிந்த இடத்திலிருந்து உதிர்ந்த ஒரு சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக் கைக்குட்டையைக் கட்டினார். கடைசியில், “டீ குட்சிகிறியா?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் குடித்தேன்.

அதன் பிறகு தம்பி என்னை ‘ரிஜெக்ட்’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, “அக்கா, அக்கா” என்று வாய்க்கு வாய் சொன்னான். அது எனக்குப் பழைய பெயரைவிடச் சங்கடமாக இருந்தது. வீட்டுக்காரர் கடையிலிருந்து சாதாரணப் புதுக் கம்பி வாங்கி வந்தார். “கடக் கம்பியா மாமா?” என்று தம்பி இழுத்தான். “மூட்றா” என்றார். பேரிங்குகள் பழையவையே. தண்டை மட்டும் திரும்பக் கடைந்தார். கேஸ் தீயில் முதலில் சூடாக்கி, வெல்டு வைத்து, அனல் தாங்கும் துணியால் சுற்றி, அதுவாக ஆறும் வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. இதெல்லாம் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பட்டறைப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தேன்.

ஒருநாள் வேலை முடிந்து வெளியே வந்தால் தொழிற்சாலை வாசலில் பைக்கோடு நிற்கிறார். “ஏறு” என்றார். நேராகப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜீப் நின்றிருந்தது. குழாயும் கையும் இன்னும் ஏற்றவில்லை, பம்பரில் வெறும் தண்டு மட்டும் நின்றது. ஷட்டரைப் பாதி இறக்கினார். எண்ணெய்க் கேனை எடுத்து வெல்டைச் சுற்றித் தடவினார். ஸ்டூலைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். எண்ணெய் ஊறும் வரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவரே அழுத்தித் துடைத்தார். ஒரு விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீரில் குழைத்து, என் முன்னால் நீட்டினார்.

பூசினேன். சாம்பல் நிறத்தில் ஈரமாக இருந்தது மெல்ல மெல்ல வெளுத்தது. நான் வெல்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெல்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் வெல்டர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அவர்கள் வயிற்றில் என்ன ஓடும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

முழுக்கக் காய்ந்தது. சுற்றிலும் வெள்ளை, ஒரு கீறல்கூட இல்லை.

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. செல்போன் விளக்கைப் போட்டு, என் கையில் கொடுத்தார்.

“நல்லா பாரு” என்றார்.

நான் விளக்கை வாங்கிக்கொண்டு மறுபடியும் குனிந்தேன்.